ராஜ்கமல் இறுகிய விதம்

ராஜ்கமலின் வலது பாதம் ஆடியில் கான்கிரீட் ஆனது, இடது பாதம் ஆவணியில். பொங்கலூரில் மருதம்மாள் வாடகைக்கு விட்டிருந்த லைன் வீட்டின் கடைசி அறையில், கையில் சிவில் இன்ஜினியரிங் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தபோது அது நடந்தது. உட்கார்ந்தால் தூக்கம் வருமென்று அவன் நின்றுதான் படிப்பான். அரசாங்க உதவிப் பொறியாளர் தேர்வுக்காகக் கட்டிட வேலையை விட்டுவிட்டு வந்தவன். முதல் தேர்வு கொஞ்சத்தில் தவறியது, அடுத்தது தள்ளிப்போனது, தள்ளிப்போனது ரத்தானது. அதற்குள் கூடப் படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தார்கள். குனிந்து பாதத்தைப் பேனாவால் தட்டிப் பார்த்தான். நல்ல கலவை என்று தெரிந்தது.

அவன் அம்மா முத்துப்பேச்சி பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். ஷிப்ட் முடிந்து வந்து தொட்டுப் பார்த்தாள். "எய்யா, என்னய்யா இப்படி இறுகிக் கெடக்கு?" கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி அவள். வெடித்துக் கல்லாய்க் கிடக்கும் மண் ஒரே மழையில் களியாகக் குழைவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு மருந்து உடனே தெரிந்துவிட்டது. கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணியை மூட்டையாகக் கொண்டுவந்து, கால்களில் சுற்றி, குடம் குடமாகத் தண்ணீர் விட்டாள். "ஊறட்டும்யா. ஊறுனா எளகிரும். பரீட்சைக்கு நடந்தே போயிரலாம்."

கான்கிரீட்டில் ஈரத்துணி சுற்றித் தண்ணீர் விட்டால் அது இளகாது, இன்னும் இறுகும். எல்லா மாதிரித் தேர்விலும் ராஜ்கமல் சரியாக எழுதிய விடை அது. சொல்ல வாயைத் திறந்தான். இத்தனை வருடம் அவன் படிப்பைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், தனக்கும் அதில் ஒரு வேலை கிடைத்துவிட்ட தெம்பில் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். "சரிம்மா" என்றான்.

முழங்கால் ஐப்பசியில் இறுகியது, இடுப்பு தையில். பனியன் துணி, கட்டிட வேலையில் தூணுக்குச் சுற்றும் எந்தச் சாக்கையும்விட நன்றாக ஈரம் பிடித்தது. பங்குனியில் தேர்வு வைத்தார்கள், இந்த முறை தள்ளிவைக்கவில்லை. அன்று காலையில் கம்பெனி சூப்பர்வைசர் வேல்குமார் வேனும் வடநாட்டுப் பையன்கள் சிலருமாக வந்து தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. "ஏன் தம்பி, அஸ்திவாரத்தோடவே நிக்கறீங்களா?" என்றார். ராஜ்கமலும் சிரித்தான், உதடு மட்டும்தான் மிச்சமிருந்தது. வேன் காலியாகத் திரும்பியது. தேர்வு நேரம் முழுக்க முத்துப்பேச்சி தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சித்திரையில் உதடும் போயிற்று.

வைகாசியில் மருதம்மாள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஏனுங்க முத்துப்பேச்சி, தம்பி இனி நவுர மாட்டாப்லதானுங்களே? மேல ஒரு ரூம் எடுத்தா தாங்குவாப்லைங்களா?"

"எம் புள்ள தாங்குவான்" என்றாள் முத்துப்பேச்சி, சட்டென்று, பெருமையாக.

தகரக் கூரையைப் பிரித்துவிட்டு ராஜ்கமலின் தலைமேல் தளம் போட்டார்கள். ஒரு விரிசல்கூட விழவில்லை. மேல் அறைக்குக் கிருத்திகா என்ற பெண் குடிவந்தாள். அவளும் சிவில், அவளுக்கும் அதே தேர்வு. நடந்தபடி சத்தமாகப் படிப்பாள். அவள் நடை ராஜ்கமலின் உச்சந்தலையில் லேசாக இறங்கும். பாரம் என்று சொல்ல முடியாது.

ஒருநாள் காலையில் முத்துப்பேச்சி இடுப்பில் குடத்தோடு வந்து நின்றபோது மேலேயிருந்து குரல் கேட்டது. கான்கிரீட் பலமாக இறுகுவதற்காகவே அதற்குத் தண்ணீர் விட வேண்டும், ஈரத்துணி சுற்றி வைப்பது நல்லது. மனதில் பதிவதற்காகக் கிருத்திகா அதையே மறுபடி படித்தாள்.

குடம் இடுப்பிலேயே நின்றது. "அப்படியாய்யா?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி. பதில் சொல்ல ராஜ்கமலுக்கு வாய் இல்லை. அவள் அவனைச் சுற்றியிருந்த துணியைத் தொட்டாள். நனைந்துதான் இருந்தது. வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது. மேலே நடை தொடங்கியது.

"சரி, மேல ஒரு புள்ள இருக்குல்லா" என்றவள், குடத்தைத் தூக்கி எப்போதும்போல் தோளிலிருந்து ஊற்றினாள்.