கேட்காமல் விட்ட கேள்வி

வக்கீல் என்றால் வாய் வேண்டும் என்பது ராமாத்தாளின் கட்சி. சோமனூரில் பாதிப் பேருக்கு அதே கட்சிதான். அதனால் சூலூர் வக்கீல் அன்புச்செல்வியை முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கிட்டத்தில் உட்கார்ந்தால்தான் காதில் விழும் குரல். இந்த அம்மாவா நம் வீட்டுக்காரரை மீட்கப் போகிறது என்று நினைத்தாள்.

மீட்டே ஆகவேண்டும். அவள் புருஷன் சுப்பையன் பதினாறு வருஷம் தறி ஓட்டிய குடோன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எரிந்துபோனது. தீ எப்படிப் பிடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் முந்தின நாள், "குடோனைக் கொளுத்திப்போடுவேன்" என்று சுப்பையன் சொன்னதாக மேஸ்திரி கதிர்வேல் போலீசில் சொல்லிவிட்டார். லீவு விஷயமாக இரண்டு பேருக்கும் ஏற்கெனவே ஆகாது. அப்படி ஒரு வார்த்தை தன் வாயில் வரவே இல்லை என்று சுப்பையன் தலையில் அடித்துச் சொன்னார். வேறு சாட்சி கிடையாது. கதிர்வேல் சொன்னதைக் கோர்ட்டு நம்பினால் பத்து வருஷம் ஜெயில், நம்பாவிட்டால் வீடு.

அன்புச்செல்வி கேஸ் கட்டைப் படித்துவிட்டு, தறி ஓடும்போது ஒரு குடோனைப் பார்க்கவேண்டும் என்றார். ராமாத்தாள், தான் நூல் சுற்றும் குடோனுக்கே கூட்டிப்போனாள். பன்னிரண்டு தறி ஓடுகிற சத்தத்தில் அந்த அம்மா இரண்டு மணி நேரம் சும்மா நின்றார். டீ சாப்பிடுகிறீர்களா என்று ராமாத்தாள் கேட்டது அவருக்கு விளங்கவில்லை. கடைசித் தறியில் நின்ற வள்ளியாத்தாளுக்கு மட்டும் விளங்கிவிட்டது, தனக்கும் ஒன்று என்று விரலைக் காட்டினாள். வெளியே வந்ததும் ராமாத்தாள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். தறிக்காரர்களுக்கு உள்ளே காது வேலை செய்யாது, வாயசைவைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசிக்கொள்வார்கள். வக்கீல் தலையாட்டினார். ஒரு எழுத்துக்கூட எழுதிக்கொள்ளவில்லை. ராமாத்தாளுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

கோயமுத்தூர் கோர்ட்டில் கதிர்வேல் கூண்டேறிய அன்று அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்புச்செல்வி எழுந்து, அந்த வார்த்தை சொன்ன அன்றைக்குச் சுப்பையன் என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டார். நேரில் பார்த்தவன் என்று காட்டிக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு வேறென்ன வேண்டும்? கதிர்வேல் கொட்டித் தீர்த்தார். பச்சை லுங்கி, கை கிழிந்த பனியன், மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிய கட்டம்போட்ட துண்டு. பஞ்சு மூக்கில் ஏறாமல் இருக்கக் கட்டுவது, அன்று முழுக்க முகத்தில்தான் இருந்தது என்றார். அத்தனையும் டைப் ஆனது. எதிராளிக்கு எடுத்துக்கொடுக்கவா இந்த அம்மாவைப் பிடித்தோம் என்று ராமாத்தாள் பல்லைக் கடித்தாள்.

அப்புறம் முக்கால் மணி நேரம் உப்புச்சப்பில்லாத கேள்விகள். குடோனுக்கு எத்தனை வாசல், ஷிப்டு எப்போது மாறும், சாப்பாட்டு மணி எப்போது. அரசு வக்கீல் அடுத்த கேஸ் கட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

"அவர் அப்படிச் சொன்னப்ப எல்லாத் தறியும் ஓடிட்டிருந்துச்சுங்களா?"

"ஓடிட்டுத்தான் இருந்துச்சுங்க."

"அந்தச் சத்தத்துல சுப்பையன் சொன்னது உங்க காதுல விழுந்துச்சுங்களா?"

ராமாத்தாளுக்குத் திக்கென்றது. அத்தனை சொல்லியும் இந்தக் கேள்வியா? கதிர்வேல் சிரித்தேவிட்டார்.

"காதுல எங்கீங்க உழுகும்? தறிக்காரங்க வாயப் பாத்தே பேசிக்குவோமுங்க. அவன் வாயசைஞ்சதப் பாத்துத்தான் சொல்றனுங்க."

அதை அப்படியே பதிவு செய்யும்படி அன்புச்செல்வி கேட்டுக்கொண்டார்.

அப்போதுதான் ராமாத்தாளின் மண்டையில் உறைத்தது. துண்டு கட்டிய வாயில் அசைவை எப்படிப் பார்த்தான்? இப்போது கேட்பார், இதோ கேட்பார் என்று பார்த்தாள். அவர் கேட்கவில்லை. வேறு கேள்வி இல்லை என்று கட்டை மூடினார். ராமாத்தாள் பொறுக்கமாட்டாமல் பெஞ்சைவிட்டு எழுந்தே விட்டாள், கேள்வி நுனி நாக்கில் நின்றது. அன்புச்செல்வி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லாத பார்வைதான். ஆனாலும் ராமாத்தாள் உட்கார்ந்துவிட்டாள்.

சாட்சியிடம் திரும்பக் கேட்க ஏதாவது உண்டா என்று நீதிபதி அரசு வக்கீலைக் கேட்டார். அவருக்குத் துண்டு ஒரு மூலையில், வாயசைவு ஒரு மூலையில், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. இல்லை என்றார். கதிர்வேல் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மூன்று வாரம் கழித்து வாதம். பெரிய பேச்சு இருக்கும் என்று சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. அன்புச்செல்வி சாட்சியத்தின் இரண்டாம் பக்கத்திலிருந்து துண்டு வரியைப் படித்தார், ஒன்பதாம் பக்கத்திலிருந்து வாயசைவு வரியைப் படித்தார், உட்கார்ந்தார். நீதிபதி தானே பக்கங்களைப் புரட்டி இரண்டையும் மறுபடி படித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சுப்பையனை நிமிர்ந்து பார்த்தார்.

தீர்ப்பு வந்த அன்று, விடுதலையான சுப்பையன் வராந்தாவில் குழந்தை மாதிரி அழுதார். ராமாத்தாள் வக்கீலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மனசில் ஒன்று மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது, கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, துண்டு கட்டுன வாயி எப்படிடா தெரிஞ்சுச்சுன்னு அன்னிக்கே அவன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே?"

"கேட்டிருந்தா, துண்ட எறக்கிப்போட்டுத்தான் பேசுனான்னு சொல்லியிருப்பாருங்க, அம்மணி."

எந்தத் தறிக்காரன்தான் துண்டை இறக்காமல் பேசுகிறான்? பிறந்ததிலிருந்து பார்க்கிறாள், அன்றைக்கு அது அவளுக்கே தோன்றவில்லை. இரண்டு மணி நேரம் சும்மா நின்ற இந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று பெஞ்சிலிருந்து தான் எழுந்த வேகம் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்திருந்தால், கட்டிய புருஷனைத் தானே ஜெயிலுக்கு அனுப்பியிருப்பாள். சுப்பையனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.