பெட்டிச் சக்கரம்

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. ரிப்பேர் செய்யத் தெரியும். கல்யாணமான ஆறு வருடத்தில் ஒவ்வொரு சண்டைக்கும் மறுநாள் வீட்டில் ஏதாவது ஒன்றைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஃபேன் சத்தம் நிற்கும், கதவு கிறீச்சிடாது, குழாய் சொட்டாது. அவளும் "சாப்பிட வாங்க" என்பாள். அதோடு சண்டை தீர்ந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் மெக்கானிக் புத்தி அவ்வளவுதான் போகும்.

இந்த முறை அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிவிட்டது. மதியம் மச்சான் போன் செய்தார்.

"மாப்ளே, வெளியூர்ல ஒரு ஸ்கூல்ல அவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. மூணு மணி பஸ்ல கிளம்பறா. போனா திரும்பி வருவான்னு எனக்குத் தோணல. பேசறதுன்னா இப்பவே வந்து பேசுங்க."

கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பை எதற்கு என்று கேட்காதீர்கள். அது இல்லாமல் எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழைந்து எனக்குப் பழக்கமில்லை.

வாசலிலேயே மச்சான் பையைப் பிடுங்கிச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். "உள்ள எல்லாம் நல்லாத்தான் ஓடுது. நீங்க வாயைத் திறங்க, அது போதும்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் செஞ்சது தப்பு, போகாதே. வழியெல்லாம் மனப்பாடம் செய்தது இவ்வளவுதான்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"ம்."

கட்டிலோரம் அவள் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சக்கரம் கழன்றிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டியைக் கவிழ்த்தேன். வண்டிச் சாவியின் முனையை விட்டுத் திருகாணியை முறுக்கினேன். இரண்டே நிமிடம்.

"இப்ப இழுத்துப் பாரு. சும்மா வழுக்கிட்டுப் போகும்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

"நான் போறதுக்கு வழி பண்ணிக் குடுத்துட்டீங்க. ரொம்ப நல்லது."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயும் சக்கரம்தான்" என்றாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் வயிற்றில் ஐந்து மாதம் இருந்த குழந்தை தங்காமல் போனது. அவள் வார்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார வேண்டியவன், கட்டிலின் சக்கரம் இறுகிக் கிடக்கிறது என்று அடியில் புகுந்துவிட்டேன். ஒரு மணி நேரம்.

"மேல நான் அழுதுட்டிருக்கேன். கீழ நீங்க டொக்கு டொக்குன்னு தட்டிட்டிருக்கீங்க. பிடிச்சுக்குவீங்கன்னு கையைக் கட்டிலோரமாத் தொங்க விட்டேன். நீங்க என்ன பண்ணீங்க தெரியுமா?"

தெரியும். அந்தக் கையில் ஸ்பேனரை வைத்து, "கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றேன். உதவிக்குக் கை நீட்டுகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"நானும் அழுதேன்." எப்படி வெளியே வந்தது என்று தெரியவில்லை.

"எப்ப?"

"மறுநாள், வேலைக்குப் போன இடத்துல. லிஃப்ட்டை ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திட்டு, கூண்டு மேல உக்காந்து. உள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டு மணி அடிச்சுட்டே இருந்தாங்க. என்னால எந்திரிக்க முடியல."

அவள் முகம் சிவந்தது. "லிஃப்ட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா? எனக்கு மட்டும்தான் பிள்ளை போச்சு, இந்த ஆளுக்கு ஒண்ணுமே இல்லைன்னு மூணு மாசமா நினைச்சுச் செத்துட்டிருக்கேன்!"

"நானும் அழுதா உன்னை யாரு பாத்துக்கறதுன்னு பயந்துட்டேன். பேரு கூட வச்சிருந்தேன், மனசுக்குள்ள. உன்கிட்ட சொல்லல. நான் செஞ்சது தப்பு. போகாதே."

அவள் முன்னால் அழுதேன், மூக்கு ஒழுக, அசிங்கமாக. அவள் என் கண்ணைத் துடைத்துவிடவில்லை. எழுந்து போகவும் இல்லை.

வெளியே டாக்ஸி ஹார்ன் கேட்டது.

"போகணும்" என்றாள். "ஸ்கூல்ல வரேன்னு சொல்லிட்டேன். எனக்குக் கோபமும் தீரல."

கெஞ்சத் தோன்றியது. விட்டுவிட்டேன். அவளே பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். சக்கரம் துளி சத்தமில்லாமல் ஓடியது. என் வேலை சுத்தம்.

டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்க விட்டாள்.

என் பை மச்சான் வீட்டு வாசலிலேயே கிடந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் இரண்டு முறை ஹார்ன் அடித்தார். நானும் விடவில்லை, அவளும் விடவில்லை.