சிரிக்கிற மூஞ்சியைத் தொடு

பழைய கார் விற்கிறவருக்கு வாய்தான் மூலதனம். எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்கிறதே என்று வாடிக்கையாளர் காதைத் தீட்டினால், நம்மவர் சட்டென்று பாட்டைச் சத்தமாக வைத்துவிடுவார். அந்தக் கைவரிசையை மகளின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே காட்டப்போய்த்தான் வம்பு வந்தது.

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் அவள் பெயர் சுண்டெலி. நரம்புத் திசுவில் முளைத்து வயிற்றில் படர்ந்த முரட்டுப் புற்றுநோய். கீமோவும் ஆபரேஷனும் பெரும்பகுதியை விரட்டியிருந்தன. ஒளிந்திருக்கும் மிச்சத்தை உடம்பின் சொந்தக் காவல் படைக்குக் காட்டிக்கொடுக்கும் மருந்து இப்போது சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியொரு மருந்து இருக்கிறதே என்று அவர் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கும்பிட்டார்; லிஃப்ட்காரரையும் விடவில்லை.

"ஒத்துக்கலைன்னா நிறுத்த வேண்டி வரலாம்" என்று வார்டு டாக்டர் சொன்ன ஒரு வரி மட்டும் அவர் காதை விட்டு இறங்கவில்லை.

வலியை அறிய சிஸ்டர் நீட்டும் அட்டையில் சில மூஞ்சிகள் உண்டு. சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும். அவர் மகளின் காதில் ஓதினார்: "யார் கேட்டாலும் சிரிக்கிற மூஞ்சியைத் தொடு. சரியாடா கண்ணு?"

பெரிய டாக்டர் பரிவாரத்தோடு எழுந்தருளினார். முன்னால் ஒருவர் கதவைத் திறக்க, பின்னால் ஒருவர் போட்டோ எடுக்க, நடுவில் கோட்டு போட்ட விருந்தாளி.

"இந்த மருந்துல வலி பின்னி எடுக்கும்பாங்க. ஆனா நம்ம வார்டுல பாருங்க!" என்று விருந்தாளியிடம் பெருமையடித்தார்.

சிஸ்டர் அட்டையை நீட்டினார். சுண்டெலி சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. போர்வைக்குள் கால்விரல்கள் முறுக்கிக்கொண்டன. விருந்தாளி கை தட்டினார்.

சிஸ்டர் தட்டவில்லை. "நிஜமா சொல்லும்மா. வலிக்குதா?"

"அப்பாவைக் கேட்டுத்தான் சொல்லணும்."

எல்லாத் தலைகளும் அப்பா பக்கம் திரும்பின. சத்தமாக வைக்க அங்கே பாட்டு எதுவும் இல்லை.

"நான்தான் சார் சொல்லிக்கொடுத்தேன்… வலின்னா மருந்தை நிறுத்திடுவீங்களோன்னு…"

பெரிய டாக்டரின் முகத்தில் கோபம் கிளம்பியது. தாம் அடித்த சவடால் நினைவுக்கு வந்ததும் அசடு வழிந்தது. கட்டிலருகே குனிந்தார்.

"புத்துநோய்ல இந்த மருந்து தேடுற அடையாளம் நல்ல நரம்புலயும் கொஞ்சம் இருக்கு சார். அதனால அங்கயும் அடி விழும். வலிக்கும்னு தெரிஞ்சுதான் பக்கத்துலயே வலி மருந்தும் ஓடுது. சொன்னா அதைக் கூட்டுவோம், இதை மெதுவாக்குவோம். மறைச்சாத்தான் நிறுத்துற நிலைமை வரும்."

சுண்டெலி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். கடைசி மூஞ்சியில் விரலை வைத்துவிட்டு, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் வட்டியும் முதலுமாக அழுது தீர்த்தாள். டாக்டர் அளவு சொல்ல, சிஸ்டர் பம்பின் பொத்தான்களை அழுத்தினார். போர்வைக்குள் கால்விரல்கள் மெல்லப் பிரிந்தன.

மாலையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது; இமை வீங்கியது. அப்பா ஒன்றுவிடாமல் சிஸ்டரிடம் ஓடி ஓடிச் சொன்னார்.

"பாப்பா தும்முனதைக்கூடச் சொல்றீங்களே சார்!" என்று சிஸ்டர் சிரித்தார்.

மருந்து நிற்காமல் இறங்கியது. அந்தச் சிஸ்டருக்கும், சவடால் டாக்டருக்கும், ஏன், கை தட்டிய விருந்தாளிக்கும்கூட மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

சுண்டெலி அட்டையை நீட்டினாள். "அப்பா, உனக்கு எது?"

வழக்கம்போல் சிரிக்கிற மூஞ்சிக்குப் போன விரல் பாதியில் நின்றது. கடைசி மூஞ்சிக்கு நகர்ந்தது.

"வலிக்குதாப்பா?"

"இல்லடா. சந்தோஷத்துல அழுகை."

"அதுக்கு மூஞ்சி போடவே இல்லியே!" என்று அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் தேடினாள்.