பாதிரியாரின் கொம்பு

என் கணவன் டென்வர் நான்கு வருடமாகக் காத்துக் கிடந்த மானை, வில்வேட்டைக் காலத்தின் கடைசி நாளில் நான் கொன்றுவிட்டேன். தெரிந்து செய்யவில்லை. எனக்கு வேண்டியிருந்தது கறி. எந்த மான் கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அந்த மானுக்குப் பாதிரியார் என்று பெயர். எங்கள் ஓஹாயோ மலைப்பக்கத்தில் பெரிய கிடா மானுக்கெல்லாம் ஆளாளுக்கு ஒரு பெயர் வைப்பார்கள். மரத்தில் கட்டிய கேமராவில் இது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வந்து நிற்கும், அதனால் இந்தப் பெயர். இந்தப் பாதிரியாரைப் பார்க்கப் போய்ப் போய் டென்வர் நிஜப் பாதிரியாரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். பக்கத்துக்கு ஐந்து கிளையாகக் கொம்பு, நுனியில் இரண்டாகக் கிழிந்த இடது காது. எங்கள் பிரிட்ஜ் கதவில் அதன் படங்கள் பதினொன்று இருக்கின்றன. என் படமும் ஒன்று இருக்கிறது, யாரோ ஒருவர் கல்யாணத்தில், பின்வரிசையில்.

செப்டம்பரில் டென்வருக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்தார்கள். மூன்று இடத்தில் அடைப்பு. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். இந்த வருடம் வில்லை இழுக்கக் கூடாது, தினமும் நடக்க வேண்டும். முதலாவதை டென்வர் அப்படியே கடைப்பிடித்தான்.

ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவன்தான். அக்டோபர் போனது, நவம்பர் போனது, கிறிஸ்துமஸும் போனது.

"தபால் பெட்டி வரைக்குமாவது போயிட்டு வாயேன்" என்பேன்.

"தபாலை நீதான் எடுத்துட்டு வரியே."

"நாளையிலேருந்து எடுக்க மாட்டேன்."

"எடுக்காத. எல்லாம் ஆஸ்பத்திரி பில்லுதான்."

பக்கத்துப் பண்ணை வெண்டல், நல்ல மனுஷன், தன் விசைவில்லைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இதை இழுக்கவே வேணாம் டென்வர். விசையை அழுத்தினாப் போதும். டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

டென்வர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது வில்லு இல்ல வெண்டல். வில்லுக்கும் துப்பாக்கிக்கும் பொறந்தது. ரெண்டு குடும்பமும் சேர்த்துக்காது."

அடுத்த வருடத்தைப் பற்றி அவன் வாயைத் திறந்தால் அது பாதிரியாரைப் பற்றியதாகத்தான் இருக்கும். "வர்ற நவம்பர்ல அதுக்கு ஏழு வயசு. அப்ப பாரு கொம்பை." அந்த நவம்பருக்கு நாற்காலியிலிருந்தே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தான் போலிருக்கிறது. ஜனவரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே உட்கார்ந்திருந்தால் மறுபடி திறக்க வேண்டிவரும், அதை அவன் தாங்குவானா என்று சொல்ல முடியாது என்றார். நான் பயந்துபோனேன். முப்பத்தொரு வருடம் திட்டிப் பழகிய ஆள். அவன் இல்லாமல் நான் யாரைத் திட்டுவேன்?

இனி கறி விஷயத்துக்கு வருகிறேன். டென்வர் வேட்டைக்குப் போகாததால் பிரீசரில் பட்டாணிப் பாக்கெட்டும் யாரும் சாப்பிடாத ஒரு கேக்கும்தான் மிச்சம். வாரநாட்களில் நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். ஆகவே பிப்ரவரி முதல் ஞாயிறு, வில்வேட்டை முடிகிற அன்று, என் வில்லை எடுத்துக்கொண்டு அறுக்காமல் விட்டிருந்த சோயா வயலோரம் பரணில் ஏறி உட்கார்ந்தேன். அன்று ஞாயிறு என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மூக்கிலேயே நீர் உறைகிற குளிர். மூன்று மணி நேரம் ஓர் அணில் மட்டும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து ஒரு மான் தனியாக வந்தது. பெரிய உருப்படி. தலையில் கொம்பு இல்லை. சரி, கிழட்டுப் பெட்டை, நாலு மாதக் கறி என்று முடிவு கட்டினேன். அது தலையைப் பனிக்குள் விட்டு சோயா நெற்றுகளைத் தின்றுகொண்டிருந்தது. காற்றில் என் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. குளிரில் விறைத்த தோளை வைத்துக்கொண்டு வில்லை இழுப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. இருபத்திரண்டு கஜம். அம்பு போன சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மான் ஒரு துள்ளல் துள்ளி, அறுபது கஜம் ஓடி, விழுந்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். இரண்டு காதுக்கும் நடுவில், காசு அளவில் இரண்டு சிவந்த வட்டம். பனிக்காலக் கடைசியில் கிடா மான் கொம்பை உதிர்த்துவிடும். எங்கள் ஊரில் பல் விழுகிற வயதுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். பிறகு இடது காதைப் பார்த்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு அப்படியே பனியில் உட்கார்ந்தேன்.

வெண்டலுக்குப் போன் செய்தேன். டிராக்டரில் வந்தான். டார்ச் அடித்துப் பார்த்தவன் தொப்பியைக் கழற்றினான்.

"ரோண்டா, தனியா வர்ற பெரிய பொட்டையை நம்பலாமா? பொட்டைன்னா கூட்டமா வருமே!"

"தெரியும் வெண்டல்."

"நெத்தியைப் பார்த்துட்டுல்ல அம்பை விடணும்."

"அதுவும் தெரியும். வேற ஏதாவது உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "தலையை வெட்டிப் பள்ளத்துல போட்டுருவோம். கறிக்கு ஏது பேரு? பொட்டைன்னே சொல்லிரு."

"அப்புறம் நவம்பர் வரைக்கும் அந்த மனுஷன் கேமராவைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பானே."

"உக்காந்திருக்கட்டுமே. ஒரு நம்பிக்கைதானே."

உண்மையைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வெண்டலுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் தீவனக் கடைக்கும் தெரியும், தீவனக் கடைக்குத் தெரிந்தால் மாவட்டத்துக்கே தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். குடலை எடுத்துவிட்டு, களஞ்சியத்தில் தொங்கவிட்டு, திருடனுக்குத் தேள் கொட்டினது போல வீட்டுக்குள் வந்தேன்.

"பொட்டையா?" என்றான் டென்வர், ஜன்னலைப் பார்த்தபடி.

"இல்ல."

"அப்புறம்?"

"கொம்பு விழுந்த கெடா. டென்வர், அது பாதிரியார்."

அவன் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. எழுந்தான். வீட்டுச் செருப்போடு, கோட்டுகூடப் போடாமல், பனியில் நடந்து களஞ்சியத்துக்குப் போனான். செப்டம்பருக்குப் பிறகு அவன் நடந்த அதிகபட்ச தூரம் அதுதான். தொங்கிய மானின் கிழிந்த காதை விரலில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"எத்தனை கஜம்?"

"இருபத்திரண்டு."

"எங்க பட்டுச்சு?"

"ரெண்டு நுரையீரல்லயும்."

"எவ்வளவு தூரம் ஓடுச்சு?"

"அறுபது கஜம்."

"நல்ல அடி" என்றான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

பேச்சுதான் இல்லை. பாதிரியாரின் தொடைக்கறியை வெங்காயம் போட்டு வறுத்து வைத்தேன், தட்டை நீட்டி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான். கோபம் வாயோடு நின்றுவிட்டது, வயிறு வரை இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் பேருந்தை நிறுத்திவிட்டு வந்தபோது அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை. வெளியே போனான். ஆப்பிள் மரம் வரை போய், தரையையே பார்த்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, பதினோரு நிமிடத்தில் சாம்பல் நிற முகத்தோடு திரும்பினான். புதன்கிழமையும் போனான். வெண்டல்தான் விஷயத்தைச் சொன்னான். "கொம்பைத் தேடுறான். எங்கயாவது விழுந்துதானே கிடக்கும்? மானை நீ எடுத்துக்கிட்டியாம், கொம்பாவது தனக்கு வேணுமாம்."

வெள்ளிக்கிழமை அந்தக் கொம்பை நான் கண்டுபிடித்தேன். தேடிக்கூடப் போகவில்லை. கோழிகளுக்குத் தீவனம் வைக்கப் போனேன். களஞ்சியத்துக்குப் பின்னால், வேலியோரம், அடுப்படியிலிருந்து நூறு அடியில் கிடந்தது. ஒரு பக்கக் கொம்பு, ஐந்து கிளை, என் முழங்கையிலிருந்து விரல் நுனியைத் தாண்டும் நீளம். டென்வர் மூன்று நாளாக அதன் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தான்.

கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். கொண்டுபோய்க் கொடுத்தால் பேசிவிடுவான். அந்த மௌனம் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கொம்பைச் சுவரில் மாட்டுவான். மாட்டிவிட்டு அதன் கீழே நாற்காலியைப் போட்டு உட்காருவான். அதோடு முடிந்தது. நான் கொம்பைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, ஆப்பிள் மரத்தைத் தாண்டி, பழைய பம்பு அறை வரை போய், செடி மறைவில் வைத்துவிட்டு வந்தேன்.

ஐந்தாறு நாளில் அவன் பம்பு அறைப் பக்கம் நெருங்கிவிட்டான். கொம்பை எடுத்துக் காட்டுக்குள் போகிற டிராக்டர் பாதை முனையில் வைத்தேன். அங்கேயும் வந்துவிட்டான். பாதையில் பாதி தூரத்தில், விழுந்து கிடந்த பெரிய ஓக் மரத்தடியில் வைத்தேன். எலிகள் கொம்பின் ஒரு கிளையைக் கரண்ட ஆரம்பித்திருந்தன. இப்படியே போனால் அவன் கைக்குக் கிடைக்கும்போது ஐந்து கிளை நாலரையாகிவிடும் என்று கவலைப்பட்டேன். அவன் நாற்பது நிமிடம் நடந்துவிட்டு வந்தான். முகம் சிவந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக் கொடுத்து, இரண்டு மாதமாக இடுப்பில் ஏறாமலிருந்த பேன்ட் இப்போது ஏறியது.

மாதக் கடைசியில் டாக்டரிடம் போனோம். இதயத்தைக் கேட்டார், ரத்த அழுத்தம் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"ரொம்ப நல்ல முன்னேற்றம். என்ன பண்றீங்க?"

"தேடுறேன்" என்றான் டென்வர்.

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். மறுபடி திறக்க வேண்டியதில்லை, இப்படியே போகட்டும் என்றார். காரில் திரும்பும்போது முப்பது மைலும் அவன் ரேடியோவை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தான். நான் ஓட்டிக்கொண்டே அழுதேன். அதை அவன் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் நல்ல வெயில், பனி இளகிவிட்டது. கொம்பை எடுத்து ஓடைக்கு அந்தப் பக்கம், மேடு ஏறுகிற இடத்தில் வைக்கலாம் என்று போனேன். கரையில் கால் வழுக்கி முட்டிவரை சேறானது. போதும் என்று ஓக் மரத்தடியிலேயே மறுபடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மதியம் டென்வர் நடந்துவிட்டு வந்தான். பூட்ஸைக் கழற்றி வைத்தான். அடுப்படி மேசையில் உட்கார்ந்து காபியை ஊற்றிக்கொண்டான்.

"ஓடைக்கு அந்தாண்ட வைக்காத" என்றான்.

நான் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "எதை?"

"அங்க கரை வழுக்குது. நீ விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டா பஸ்ஸை யாரு ஓட்டுவா?"

"எப்பத்திலேருந்து தெரியும் உனக்கு?"

"பம்பு ரூம்லேருந்தே. ரெண்டு நாளைக்கு முன்னாடி போன மானோட தடத்தையே பார்த்துச் சொல்றவன் நான். பனியில உன் பூட்ஸ் தடம் தெரியாதா? வலது காலைச் சாய்ச்சு வைப்ப நீ."

"அப்ப அன்னிக்கே எடுத்துட்டு வந்திருக்கலாமே! மூணு வாரமா என்னைக் காடு மேடெல்லாம் தூக்கிக்கிட்டு அலைய விட்டியே, பாவி!"

அவன் காபியை ஊதினான். ஒரு வாய் குடித்தான்.

"எடுத்துட்டா மறுநாள் எங்க போறது, ரோண்டா?"

கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். அவன் எழுந்து என் பின்னால் வந்து, என் தோளில் கொஞ்ச நேரம் தாடையை வைத்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் பத்து மணிக்குப் பேருந்தை நிறுத்திவிட்டுக் காட்டுக்குப் போனேன். கொம்பை எடுத்துக்கொண்டு, ஓடைக்கு இந்தப் பக்கமாகவே மேடேறி, வெண்டலின் வேலி முனையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். நான் வீட்டை நெருங்கும்போது டென்வர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, பூட்ஸைத் தேட ஆரம்பித்தான்.