ஒரே ரிங்

அப்பாவின் உடலுக்கு அணிவித்த சட்டையின் கடைசிப் பொத்தானை இளையவள் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் டாக்சி வந்து நின்றது. கையில் ஒரே ஒரு பையோடு அக்கா இறங்கினாள்.

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "நீ கிளம்பறேன்னதுமே வராதேன்னு இத்தனை பேர் சொன்னோம். உன் வக்கீலும் சொன்னாரே."

"சொன்னார் சித்தப்பா," என்று செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள்.

அக்காவுக்கு வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. கணவனும், இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும் மகளும் அங்கேதான். நிரந்தரமாகத் தங்கக் கேட்ட விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அவசரத்துக்குப் போய்வர அனுமதி உண்டு. ஆனால் திரும்பி வருகிறவளை உள்ளே விடுவதும் விடாததும் அங்கே விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் இஷ்டம். அவர் முடியாது என்றால் புருஷனும் பிள்ளையும் ஒரு கரை, இவள் ஒரு கரை.

அது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். எல்லை தாண்டிச் சரக்கு லாரி ஓட்டியவர் அவர். "நான் போறது நிச்சயம். அவ திரும்பிப் போறது நிச்சயமில்ல. அவகிட்ட மூச்சு விடாதே," என்று படுக்கையிலிருந்தே இளையவளை மிரட்டியிருந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். அந்த விஷயத்தில் மூத்த மகள் தன்னையும் மிஞ்சியவள் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

"நாங்க மறைச்சும், அப்பாவுக்கு முடியலேன்னு முதல்ல உனக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?" என்றாள் இளையவள்.

"எப்ப கூப்பிட்டாலும் அப்பா தூங்கறார்ங்கறே. நான் ஃபோன் பண்ணி அவர் என்னிக்குடி தூங்கியிருக்கார்?"

இளையவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பக்கத்து ஊருக்குப் பஸ் மாறிப் போவதற்கே பயப்படுகிறவள் அவள். இந்த அக்காவோடு ஒரே வயிற்றில் பிறந்திருக்கிறோம் என்பது அன்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

எல்லாம் முடிந்து அக்கா கிளம்பும்போது அம்மா கேட்டாள். "பயமா இல்லையாடி?"

"இருக்கும்மா. அப்பாவுக்கும் இருந்திருக்கும். அதுக்காக வண்டிய நிறுத்தினாரா?"

வாசற்படியில் நின்று திரும்பினாள். "அப்பா நம்பருக்குத்தான் அடிப்பேன். அதே மாதிரி."

யாரும் விளக்கம் கேட்கவில்லை. சித்தப்பாவைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். சோதனைச்சாவடியைத் தாண்டியதும் அப்பா வீட்டுக்கு ஒரே ஒரு ரிங் கொடுத்து வெட்டிவிடுவார். விடாமல் அடித்தால் மாட்டிக்கொண்டார், எடுக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க ஆரம்பித்தது, பேச்சு சல்லிசான பிறகும் மாறவில்லை. அந்த ஒரு ரிங்கைக் கேட்காமல் அம்மா சாப்பிட உட்கார்ந்ததில்லை.

மறுநாள் அப்பாவின் ஃபோன் கூடத்து மேஜைமேல் சார்ஜில் கிடந்தது. துக்கம் விசாரிக்க அழைத்தவர்களுக்கெல்லாம் சித்தப்பாதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மணி அடிக்கும் முன்பே எடுத்துவிடும் கை அவருக்கு. விமானம் இறங்கும் நேரம் நெருங்கியதும் இளையவள் ஃபோனைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கும் நேரம் தாண்டியும் வெகுநேரம் ஆகிவிட்டது. அம்மாவின் தட்டு அடுக்களையில் கவிழ்த்தபடியே இருந்தது.

ஃபோன் அடித்தது. அக்காவின் எண்.

"எடும்மா, எடு," என்று சித்தப்பா கையை நீட்டினார்.

"சும்மா இருங்க சித்தப்பா." அவரிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

ஃபோன் அடங்கியது. யாரும் அசையவில்லை. மறுபடி அடிக்குமோ என்று இளையவள் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை மெல்ல மங்கி, அணைந்தது.

"என்னம்மா, கட்டாயிடுச்சா?" என்றார் சித்தப்பா கவலையோடு.

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். தட்டை நிமிர்த்தும் சத்தம் கேட்டது.