சூரியன் அடங்கிய வீடு

1

"அப்பாவை ஹோம்ல விடறதுன்னா தள்ளி விடறதுன்னு அர்த்தமில்லேம்மா, அங்கே டாக்டர்—"

"வேற என்னடா அர்த்தம்? உரக்கச் சொல்லு, அவர் காதுல விழட்டும்—"

"விழுந்தா? பதில் சொல்லிடுவாராக்கும்!"

இந்தக் கதையில் எனக்கு முதலில் கேட்டது இந்தச் சண்டைதான். ஆட்கள் பிறகு வந்தார்கள்: விஜயலக்ஷ்மி, மகன் மஹேஷ், திருவனந்தபுரம் வலியசாலை வீட்டின் உள்ளறையில் பக்கவாதத்தில் பேச்சுப் போய்க் கிடக்கும் சுந்தரராமன். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். அண்டக்கதிர் ஆராய்ச்சி செய்தவர்.

2

அன்று காலை கோயில் மணி— (வேண்டாம். இந்த வீட்டுக்கு மணி எதற்கு?)

சுந்தரராமனின் ஆராய்ச்சி இதுதான். பதினோரு வருஷத்துக்கு ஒரு சுற்றாகச் சூரியன் கொதித்து அடங்கும். கொதிக்கும்போது அதன் காந்தக் காற்று, தொலைவெளியிலிருந்து வரும் கதிர்களில் பலவற்றைத் தடுத்துவிடும். அடங்கினால் அவை கூடுதலாக உள்ளே வரும்.

பேச்சு இருந்த நாளில், தான் வீட்டில் போட்ட கூச்சலுக்கும் இதையே நியாயமாகச் சொல்வார்.

"நான் கத்தறதாலதாண்டி நம்மாத்து விஷயத்துல ஒருத்தரும் தலையிடறதில்லை."

"சூரியன்கூட ஒரு தரம் அடங்கறது. நீங்க?"

(உவமை ரொம்ப வசதியாக அமைந்துவிட்டதென்று அடித்தேன். விஜயலக்ஷ்மி விடவில்லை. "அவர் சொன்னதை அடிக்க நீ யாரு?")

3

2024. மேலே சூரியன் உச்சத்தில் கொதிக்கிறது, கதிர்கள் குறைவு. வீட்டில் எல்லாம் தலைகீழ். யார் யாரோ வந்து யோசனை சொல்கிறார்கள். மஹேஷ் ஹோமில் இடமே பார்த்துவிட்டான்.

பேச்சுப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஷிபின் வாசலில் நின்று மெல்லச் சொன்னான்: "ஸாரினு இனி சம்சாரம் உண்டாவில்ல, அம்மே."

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. திருவனந்தபுரத்திலேயே காலம் கழித்த விஜயலக்ஷ்மிக்கு இது தெரியாதென்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். பொய். காய்கறிக்காரனோடு மலையாளத்தில்தான் சண்டை போடுவாள். ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் அவளுக்குள் தமிழாகப் போய் விழுந்தது. இனி அவருக்குப் பெண்டாட்டி கிடையாது.

"அப்போ நான் யாரு?" என்றாள்.

ஷிபினுக்குப் புரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

4

ஒரு முடிவில் அவர் வாய் திறந்து கத்துகிறார், மஹேஷ் அழுகிறான். கிழித்துவிட்டேன். மறுசுற்று சூரியனுக்குத்தான் உண்டு. இன்னொன்றில் வண்டி வந்து, அவரைத் தூக்கி— கை வரவில்லை. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கேட்டது இவ்வளவுதான். வாசலில் மஹேஷ் போனில் வண்டிக்காரனுக்கு வழி சொல்கிறான். உள்ளே அவள் கட்டில்மேல் குனிகிறாள்.

"ஏன்னா, நான் சொல்லி அவன் கேக்கலை. போகமாட்டேன்னு நீங்க ஒரு தரம் கத்துங்கோளேன்."