குடும்பப் பெயர்

வரவேற்பு மேசையிலிருந்த பெண் மூன்றாவது முறையாக அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். "அவரோட ஆளுங்க யாராவது வந்திருக்கீங்களா?" என்று கூடம் முழுவதும் கண்ணை ஓட்டினாள். அம்மா கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். யாரையோ கூப்பிடுகிறார்கள், அந்த ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது, பாவம் என்கிற முகம். மகளுக்குத்தான் முதலில் உறைத்தது. கூப்பிடுவது தாத்தாவின் பெயரை. தாத்தா செத்துப் பதினோரு வருஷமாகிறது.

"அம்மா, நம்மளத்தான்."

"நம்மளயா? அது உங்க தாத்தா பேராச்சே."

"அப்பாவுக்கு இங்க அதானேம்மா பேரு. எந்திரி."

உள்ளே ஒரு சின்ன அறை. டாக்டர் நின்றுகொண்டே பேசினார். பஸ் டிப்போவில், குழிக்குள் நின்று ஒரு வண்டியின் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. டாக்டர் தங்கமான மனுஷன். வாக்கியத்துக்கு வாக்கியம் இறந்தவரை அந்தப் பெயர் சொல்லி மரியாதையாகக் குறிப்பிட்டார். அவர் சொல்லச் சொல்ல மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்பா செத்துவிட்டார் என்ற சேதியைக்கூட, தாத்தா என்கிற அந்த ஆள் குறுக்கே நிற்காமல் கேட்க முடியவில்லை.

தப்பு இருபத்தேழு வருஷத்துப் பழசு. நம் ஆட்களுக்கு முன்னால் ஒரு இனிஷியல், பின்னால் ஒரு பெயர், அதோடு கதை முடிந்தது. பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் அந்த இனிஷியலை விரித்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பனின் பெயரைப் போட்டுவிட்டான். இந்த நாட்டில் மனிதர்களைக் கூப்பிடுவதே குடும்பப் பெயரை வைத்துத்தான். டிப்போவில் சேர்ந்த முதல் நாளே சீருடைச் சட்டையின் பையில் தாத்தாவின் பெயரைத் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். புது வேலை, பாஷையும் பிடிபடாத காலம். அப்பா வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்து பிரயோஜனமில்லாமல் போயிற்று.

வேறு யார் பெயராக இருந்தாலும் போகிறது என்று விட்டிருக்கலாம். தாத்தா அடித்த ஒரு அடியில் அப்பாவின் அம்மாவுக்கு ஒரு காது கேட்காமல் போனது. தடுக்கப் போன பதினாறு வயதுப் பையனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவர் அவர். அந்தக் கதவுக்குள் அப்பா மறுபடி போனது தாத்தா செத்த பிறகுதான். "அப்பன் சொத்துல சல்லிக்காசு வரல, பேரு மட்டும் முழுசா வந்து சேந்துடுச்சு" என்று அப்பா சிரிப்பார். சிரித்துவிட்டு அன்றைக்கு யாரோடும் பேசமாட்டார்.

நிரந்தரமாகத் தங்கிக்கொள்ள அட்டை இருந்தது. குடியுரிமை வாங்குங்களேன் என்று யார் சொன்னாலும், "ஓட்டுப் போட்டு என்னத்தக் கிழிக்கப் போறோம்?" என்பார். அப்படிப்பட்டவருக்குப் போன வருஷம் யாரோ சொல்லிவிட்டார்கள், குடியுரிமை விண்ணப்பத்தில் பதினாலாவது கட்டம் ஒன்று இருக்கிறது, 'இனி எந்தப் பெயரில் வழங்கப்பட விரும்புகிறீர்கள்' என்று கேட்கிறார்கள் என்று. அன்றைக்கே நூலகத்திலிருந்து தேர்வுப் புத்தகத்தோடு வந்தார். ஐம்பத்தெட்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை ஆனார். சாப்பிட்டுக்கொண்டே மகளைக் கேள்வி கேட்கச் சொல்வார். சட்டம் யார் இயற்றுகிறார்கள், நீதிபதியை யார் நியமிக்கிறார்கள் என்பதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆறுகள் மட்டும் மண்டையில் நிற்காது. நீளமான ஆற்றையும் அகலமான ஆற்றையும் மாற்றி மாற்றிச் சொல்லித் தலையில் குட்டிக்கொள்வார்.

விண்ணப்பம் நிரப்பி, போட்டோ ஒட்டி, உறைக்குள் தயாராக இருந்தது. போடத்தான் முடியவில்லை. கடந்த ஐந்து வருஷத்தில் இத்தனை நாள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும் என்று சட்டம். ஊரில் தன் அம்மாவின் கடைசிக் காலத்தில் இரண்டு மாதம் பக்கத்தில் இருக்கப் போனதில் கணக்கு பின்னுக்குப் போய்விட்டது. இன்னும் ஒன்பது நாள் பாக்கியிருந்தது.

மறுநாள் காலை மகள் குடியுரிமை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். எடுத்தவள் பொறுமைசாலி. இறந்தவர் விண்ணப்பிக்க முடியாது என்பதை மூன்று விதமாக எடுத்துச் சொன்னாள்.

"எங்களுக்குக் குடியுரிமை வேண்டாங்க. பதினாலாவது கட்டம் மட்டும் போதும்" என்றாள் மகள். அந்தப் பக்கம் இருந்தவள் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்தாள்.

இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்கிற அலுவலகத்திலும் அதே பதில்தான். அட்டையில் என்ன பெயரோ அதுதான் இறப்புச் சான்றிதழிலும் வரும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் பிறந்த ஊரிலிருந்து பத்திரங்கள், மொழிபெயர்ப்பு, சத்தியக் கடிதம். குறைந்தது மூன்று வாரம். அதுவரை உடல் குளிரறையில் இருக்கும்.

"இருக்கட்டும், நாங்க காத்திருக்கோம்" என்றாள் மகள்.

"மூணு வாரமா?" என்றாள் அம்மா. "அவருக்குக் குளிரே ஆகாதுடி."

"அதுக்காக அந்த ஆளு பேர்ல எரிக்கணுமா? ஒரு வருஷமா ராத்திரி பகலா படிச்சாரேம்மா. எதுக்குப் படிச்சாரு?"

அம்மா மேசையின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளைப் பார்க்காமல், "அட்டையில உள்ளபடியே எழுதச் சொல்லு" என்றாள். மகளுக்கு அந்த நிமிஷம் அவள்மேல் வந்தது சுத்தமான வெறுப்பு. அதை மறைக்கவும் இல்லை.

"நீ ஒரு தடவையாவது அப்பாவப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கியா?" என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள். குத்த வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"எனக்கெதுக்குப் பேரு? 'இந்தாங்க'ன்னா திரும்பிடுவாரு." அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அத்தைதான், உங்க பாட்டி, கூப்பிடுவாங்க. ஃபோன்ல. காது கேக்காதுல்ல, அவங்க கூப்பிட்டா பக்கத்து வீட்டுக்கே கேக்கும். இவரும் கேக்காத மாதிரி இருப்பாரு, இன்னொரு தடவை கூப்பிடட்டும்னு."

பாட்டி போய் நாலு வருஷம். மகள் மனசுக்குள் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள். அம்மாவுக்கு 'இந்தாங்க', அவளுக்கு 'அப்பா', தெரிந்தவர்களுக்கு 'அண்ணே', டிப்போவில் தாத்தாவின் பெயர். நாலு வருஷமாக அப்பாவை அவர் பெயரால் கூப்பிட உலகத்தில் ஒரு ஜீவன் இல்லை. அது அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவும் இல்லை, அவரைத் தவிர. அவள் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை தகனக்கூடத்துக்கு டிப்போவிலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள், ஆனாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. ஆளுயர மலர்வளையம். அதன் நடுவே வெள்ளைப் பூக்களால் கொட்டை எழுத்தில் தாத்தாவின் பெயர். நிறையச் செலவு செய்திருப்பார்கள். மகளுக்கு அதைப் பிய்த்து எறியக் கை துறுதுறுத்தது.

ஃபோர்மேன் பெட்டியின்மேல் கையை வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி, வெட்கப்படாமல் அழுதார். சொல்லிவிடுவது என்று மகள் அவர் பக்கத்தில் போனாள். ஒரே வாக்கியம்தான். அது எங்க அப்பா பேரில்ல.

அவர் முந்திக்கொண்டார். "ஜாக்கி நழுவி வண்டி என்மேல எறங்குனப்ப, காலப் பிடிச்சு இழுத்துப் போட்டது உங்க அப்பாதாம்மா. எம் பையன் பொறந்ததும் அவர் பேரத்தான் நடுப்பேரா வச்சோம். வந்து சொன்னா, எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. சந்தோஷத்துல அழறாரு போலன்னு நெனச்சேன். சந்தோஷம்தானே அது?"

எங்கேயோ ஒரு வீட்டில் அந்த ஆளின் பெயரோடு ஒரு குழந்தை ஓடிக்கொண்டிருக்கிறது. பேர் சொல்ல ஒரு பிள்ளை என்பார்களே, அது தாத்தாவுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

"ஆமாங்க" என்றாள் மகள். "சந்தோஷம்தான்."

எரியூட்டுவதற்கு முன் கையெழுத்துப் போட அவளைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஊழியர் அவள் அடையாள அட்டையையும் இறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மகள்னு போட்டிருக்கு. ஆனா ரெண்டு பேருக்கும் குடும்பப் பெயர் வேற வேறயா இருக்கே?"

"அதுல இருக்கறது அவங்கப்பா பேரு" என்றாள். தன் அட்டையில் விரலை வைத்தாள். "இதுதான் அவர் பேரு. நான் பொறந்தப்ப அவரே எழுதினது."

ஊழியர் இரண்டையும் இன்னொரு தடவை பார்த்தார். வரிசையில் அடுத்த குடும்பம் காத்திருந்தது. அம்மாவின் அட்டையையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் வாங்கிப் பார்த்துத் திருப்தியானதும், படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். உடலை ஒப்படைப்பவரின் குடும்பப் பெயர், கட்டத்துக்கு ஒரு எழுத்து.

அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, கட்டத்தின் நடுவில் நிற்கும்படி எழுதினாள். பதினோரு கட்டம் தீர்ந்தபோது பெயரில் இன்னும் இரண்டு எழுத்து இருந்தது.

"போதும்மா. அதுக்கு மேல கம்ப்யூட்டர் எடுக்காது" என்றார் ஊழியர்.

"சரிங்க" என்றாள். பேனாவை வைக்கவில்லை. மீதி இரண்டு எழுத்தையும் கோட்டுக்கு வெளியே, வெறும் தாளில், அதே அளவில் எழுதினாள்.